சராசரி பதில் ஆகாது

2024 ஆகஸ்ட் 1 அன்று மக்களவையில் ரயில்வே மானியக் கோரிக்கைகள் மீதான விவாதத்துக்கு அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பதிலளித்தார். மேற்கு வங்கத்தில் ரங்காபானி அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் சரக்கு ரயில் மோதி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. எதிர்க்கட்சி வரிசையில் கூச்சல் எழுந்தது. அமைச்சருக்கும் கோபம் வந்தது. நாங்கள் ரீல்ஸ் போடுகிறவர்கள் அல்ல, உழைக்கிறவர்கள் என்ற பொருளில் பேசினார்.

அவரும் அவருடைய அமைச்சகமும் இரு அவைகளிலும் திரும்பத் திரும்ப வைக்கும் எண்கள் சில உண்டு. 2004 முதல் 2014 வரை ஆண்டுக்குச் சராசரி 171 பெரிய விபத்துகள்; 2023-24இல் 40 மட்டுமே. அந்தப் பத்தாண்டில் பாதுகாப்புக்குச் செலவானது சுமார் 70,000 கோடி ரூபாய். அடுத்த பத்தாண்டில் 1.78 லட்சம் கோடி. இந்த எண்களை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இறந்தவர்களைப் பற்றிய கேள்விக்கு இவை பதில் ஆகா. பொதுப் பணத்தைச் செலவிடுகிறவர் முதலில் சொல்ல வேண்டியது, காப்பாற்றியிருக்க வேண்டிய உயிரை ஏன் காக்க முடியவில்லை என்பதைத்தான். அதற்கு முன் சாதனைப் பட்டியலை வாசிப்பது அறமாகாது.

அந்த 40 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2023 ஜூன் 2 மாலை ஒடிசாவின் பாலேசுவர் மாவட்டம் பஹாநகா பஜார் நிலையத்தில், ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை சிக்னல் விழுந்திருந்தது. தண்டவாளமோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றிருந்தது. மணிக்கு 128 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதியது. தடம்புரண்ட பெட்டிகள் எதிர்த்திசையில் சென்ற யஷ்வந்த்பூர் – ஹவுரா ரயில்மீது விழுந்தன. அந்த ஜூலையில் மாநிலங்களவையில் அமைச்சர் தந்த எழுத்துப்பூர்வ பதிலின்படி இறந்தவர்கள் 295 பேர். 2023-24இன் கணக்கில் இதுவும் ஒரு விபத்துதான். நாற்பதில் ஒன்று.

காரணமும் அதே பதிலில் இருக்கிறது. நிலையத்தின் வடக்குச் சிக்னல் அறையில் முன்பு எப்போதோ வயரிங்கை மாற்றியபோது பிழை நேர்ந்திருந்தது. 94ஆம் எண் லெவல் கிராசிங்கில் மின்தடுப்பை மாற்றும் வேலை அதை உயிர்ப்பித்துவிட்டது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை இன்னொன்றையும் சுட்டியது. ஓராண்டுக்கு முன், 2022 மே 16 அன்று, அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்க்ராநயாபாஸ் நிலையத்தில் இதைப்போன்ற வயரிங் பிழை வெளிப்பட்டது. அன்று யாரும் சாகவில்லை. அதிலிருந்து பாடம் கற்றிருந்தால் பஹாநகா நடந்திருக்காது என்பது ஆணையரின் முடிவு. கைதானவர்களோ சிக்னல் பிரிவு ஊழியர்கள் மூவர்.

மனுநீதிச் சோழனின் கதையைப் பெரியபுராணம் சொல்லும்போது, தேர்க்காலில் கன்று மாண்டதும் அமைச்சர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேக்கிழார் விடாமல் சொல்கிறார். நூல்கள் விதித்த கழுவாய் செய்தால் போதும் என்றார்கள் அவர்கள். அது கன்றை இழந்த பசுவின் துயரை ஆற்றுமா என்று கேட்ட மன்னன் அந்த யோசனையை ஏற்கவில்லை. பஹாநகாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது, அது தேவையே. ஆனால் கழுவாயோடு கணக்கை முடித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அந்தக் கதை. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் சொல்வது இதைவிடக் கடுமையானது: மழை பொய்த்தாலும், விளைச்சல் குறைந்தாலும், இயல்புக்கு மாறானது எது நடந்தாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும். மழைக்கே மன்னன் பொறுப்பென்றால் வயரிங்குக்குப் பொறுப்பு யார்? ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியன் நெடுஞ்செழியன் கண்ணகிமுன் பொற்கொல்லனைக் காட்டித் தப்பிக்கவில்லை. யானே கள்வன் என்றுதான் விழுந்தான்.

இது பழங்கதையாக மட்டும் நிற்கவில்லை. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சில மாதங்களுக்கு முன் மஹபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி இம்முறை விலகியேவிட்டார், நேருவும் ஏற்றுக்கொண்டார். பாலத்தைச் சாஸ்திரி கட்டவில்லை, மழையை அவர் வரவழைக்கவும் இல்லை.

2021 பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன், திருக்குறளின் இறைமாட்சி அதிகாரத்திலிருந்து 385ஆம் குறளை எடுத்தாண்டார். பொருளை உண்டாக்கி, சேர்த்து, காத்து, பகுத்துச் செலவிடுவதே அரசின் திறம் என்பது அதன் கருத்து. பகுத்துச் செலவிட்ட லட்சணத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை காட்டுகிறது. 2017-18இல் ஐந்தாண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஒரு பாதுகாப்பு நிதி தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 5,000 கோடியை ரயில்வே தன் வருவாயிலிருந்து போட வேண்டும். முதல் நான்காண்டுகளில் போட வேண்டிய 20,000 கோடியில் ஏறத்தாழ 15,775 கோடி வரவே இல்லை. பாதுகாப்பு நிதியில் முன்னுரிமை இல்லாத வேலைகளுக்குப் போன பங்கு 2.76 சதவீதத்திலிருந்து 6.35 சதவீதமாக ஏறியது. அந்தப் பணத்தில் கால் பிடித்துவிடும் கருவிகளும் பீங்கான் பாத்திரங்களும் வாங்கப்பட்டன. தண்டவாளத்தைச் சோதிக்கும் வண்டிகளின் ஆய்வில் 30 முதல் 100 சதவீதம் வரை குறைவு.

ஆளெடுப்பிலும் இதே கதைதான். 2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட் பணிக்கு 5,696 இடங்கள் அறிவிக்கப்பட்டன. ரங்காபானிக்குப் பிறகு, ஜூனில், அது 18,799 ஆனது. இத்தனை பேர் தேவை என்பது விபத்துக்கு மறுநாள் முளைத்த உண்மையா? அந்த விபத்தில் இறந்த சரக்கு ரயில் ஓட்டுநர்மீதுதான் முதல் நாளே பழி விழுந்தது. சிக்னல் பழுதானபோது வண்டியை எப்படி ஓட்ட வேண்டும் என்பதில் போதிய பயிற்சியே தரப்படவில்லை என்பதைப் பாதுகாப்பு ஆணையரின் விசாரணைதான் பின்னர் சொன்னது. பதில் சொல்ல அந்த ஓட்டுநர் உயிரோடு இல்லை.

புதிய ரயில்கள் வேண்டும்தான். வந்தே பாரத், சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிலாளர்களின் கைவண்ணம், அதில் பெருமைப்பட இடமுண்டு. அமைச்சர் விலகினால் வயர் சரியாகிவிடாது என்பதும் நியாயமான வாதமே.

ஆனால் எது முதலில் என்பதுதான் கேள்வி. கவச் என்ற தானியங்கிப் பாதுகாப்பு முறை 2020இல் தேசிய முறையாக ஏற்கப்பட்டது. 2023 ஜூலையில் அது இருந்தது 1,465 கிலோமீட்டர் தடத்தில். 2024 ஜூலையில் அமைச்சகம் அவையில் சொன்னதும் அதே 1,465. நாட்டின் மொத்தத் தடம் 68,000 கிலோமீட்டருக்கும் மேல். ரயில்வேயின் மூலதனச் செலவு ஆண்டுக்கு 2.40 லட்சம் கோடியைத் தாண்டியிருந்த காலம் அது. பின்னர் மதுரா – கோட்டா தடத்தில் வேலை முடிந்தது. நல்லதுதான், ஆனால் அது 2025 ஜூலையில்.

தனி ரயில்வே பட்ஜெட் 2017இல் பொது பட்ஜெட்டோடு இணைக்கப்பட்டுவிட்ட பிறகு, ரயில்வேயை ஆண்டுக்கு ஒரு முறையாவது அவை நின்று விசாரிக்க மானியக் கோரிக்கை விவாதம்தான் முக்கிய வாய்ப்பு. பாதுகாப்பு ஆணையர் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் வருபவர். ரயில்வேயைத் தயக்கமின்றி விசாரிக்கவே அந்த ஏற்பாடு. அவருடைய விசாரணை அறிக்கைகள் முழுமையாக அவையின் மேசைக்கு வர வேண்டும். ஒவ்வொரு பரிந்துரையும் எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பும் கூடவே வர வேண்டும். பாங்க்ராநயாபாஸுக்கும் பஹாநகாவுக்கும் பிறகு எந்தெந்த நிலையங்களின் சிக்னல் வயரிங் பிரித்துச் சரிபார்க்கப்பட்டது, எங்கே இன்னும் பார்க்கப்படவில்லை என்பதை அமைச்சர் கோட்டவாரியாகச் சொல்லட்டும். அடுத்த ஆண்டுக்கான பணத்தை அதன் பிறகு கேட்கட்டும்.