பத்து கிலோமீட்டர்

என் 2,000 ரூபாய் பேண்டில் ஜிபிஎஸ் கிடையாது. போன் இல்லாமல் ஓடினால் காலடியை எண்ணித் தூரத்தை ஊகிக்கும். களைத்துப்போய் எட்டு சிறுத்தாலும் அதற்குத் தெரியாது. பெசன்ட் நகர் கடற்கரையோரம் ஆறு மாதமாக 10 கி.மீ. என்று காட்டியது. நானும் எல்லோரிடமும் அதையே சொன்னேன். நண்பனின் ஜிபிஎஸ் வாட்சைக் கட்டிக்கொண்டு அதே பாதையில் ஓடினால், 8.7.

அப்போ இத்தனை நாள் சொன்னது பொய்யா? தெரியாமல் சொன்னதுதானே என்று சமாதானம் சொல்லிக்கலாம். ஆனால் எனக்குச் சந்தேகம் இருந்தது. சரிபார்க்கத்தான் மனசு வரலை.

ஜிபிஎஸ்ஸும் அரிச்சந்திரன் இல்லை. 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னல் கட்டடங்களில் பட்டுத் தெறித்தால், நாம் ஓடிய கோடு பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். ஆனாலும் அது யாருக்கும் சாதகமாகத் தப்பு செய்வதில்லை.

பழைய மாடல் ஒன்றை செகண்ட்ஹேண்டில் பார்த்து வைத்திருக்கிறேன். தூக்கக் கணக்கெல்லாம் வேண்டாம், தூரம் போதும். அம்மாவிடம் மட்டும் இன்னும் பத்துன்னுதான் சொல்லிட்டிருக்கேன்.