பட்டதா?

காலிக் கோட்டையின் மதிலில் ஏறி அமர்ந்தால் நுழைவுச் சீட்டு இல்லாமலே டெஸ்ட் போட்டி பார்க்கலாம். 2008 ஜூலை 31 ஆம் திகதி இந்திய அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையிலான இரண்டாவது டெஸ்ட் அங்கே தொடங்கியபோது, நானும் என் பாடசாலைக் காலத்துச் சிநேகிதன் ஒருவனும் மதிலில் இடம் பிடித்திருந்தோம். 2004 இல் கடல் புகுந்து அழித்த மைதானம் அது. மீண்டும் டெஸ்ட் போட்டி கண்டு எட்டு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. சேவாக் அடித்துக்கொண்டிருந்தார். மதிலில் இருப்பவனுக்குப் பந்தின் போக்கெல்லாம் தெரியாது. வெள்ளை உடுப்புகளின் ஓட்டமும் நடுவரின் விரலும் மட்டும் தெரியும். மற்றதைக் கையிலிருந்த சிறிய வானொலி சொல்லும்.

அந்தத் தொடரில் புதிதாக ஒன்று இருந்தது. நடுவரின் தீர்ப்பை ஏற்காத துடுப்பாட்ட வீரரோ களத்தடுப்பு அணியின் தலைவரோ இரு கைகளையும் ஆங்கில ‘டி’ எழுத்தைப் போலக் காட்டினால், மூன்றாவது நடுவர் ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்ப்பை மீளாய்வு செய்வார். டெஸ்ட் கிரிக்கெட்டில் அம்முறை முதன்முதலில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது அந்தத் தொடரில்தான். கொழும்பு எஸ்.எஸ்.ஸி. மைதானத்தில் நடந்த முதல் போட்டியில், ஆட்டமிழந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட டில்ஷான் அதன் தயவால் தொடர்ந்து ஆடிச் சதம் அடித்தார். அதே போட்டியில் முரளியின் பந்துக்குத் தப்பியிருந்த சேவாக், இலங்கை அணி கேட்டதால் எல்.பீ.டபிள்யூ. முறையில் வெளியேறினார். தொடர் முடிந்தபோது இலங்கை கேட்ட மீளாய்வுகளில் பதினொன்று அதற்குச் சாதகமாகியிருந்தன. இந்தியாவுக்கு ஒன்றே ஒன்று.

இந்த ஏற்பாடு வருவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னர் சிட்னியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் அன்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ஓட்டங்களில் இருந்தபோது பந்து துடுப்பில் பட்டு விக்கெட் காப்பாளரிடம் போனது. நடுவர் ஸ்டீவ் பக்னர் விரலை உயர்த்தவில்லை. சைமண்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 162 ஓட்டங்கள் எடுத்தார். பந்து துடுப்பில் பட்டதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். இந்தியா அப்போட்டியில் தோற்றது. பக்னர் அடுத்த போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். பத்திரிகைகள் நடுவரைத் திட்டித் தீர்த்தன. துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றவரைப் பற்றி அதில் பாதிகூட எழுதப்படவில்லை. எனக்கு அப்போதே அது உறுத்தியது. அதற்குக் காரணம் வேறு.

1986 இல் எங்களுக்குப் பதினைந்து வயது. பாடசாலை மைதானத்தில் இரண்டு தெருக்களுக்கிடையே போட்டி. கடைசி விக்கெட்டுக்கு நான் நின்றேன். வெல்ல இன்னும் மூன்று ஓட்டங்கள். பந்துவீசியவன் இந்தச் சிநேகிதன். பந்து என் துடுப்பின் ஓரத்தை மெல்ல உரசிக்கொண்டு போனது. அந்த உரசல் கைப்பிடி வழியாக விரலுக்கு வந்து சேர்ந்ததை இன்றும் சொல்லிக் காட்ட என்னால் முடியும். விக்கெட் காப்பாளன் பிடித்துவிட்டான். எல்லோரும் கத்தினார்கள். நடுவராக நின்ற மாஸ்டருக்குக் கடற்காற்றில் ஒன்றும் கேட்கவில்லை போலும், தலையை ஆட்டிவிட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு துடுப்பால் கோட்டைத் தட்டினேன். அடுத்த ஓவரில் வென்றோம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் என்னோடு நடந்து வந்தான்.

“மச்சான், பட்டதா?”

“இல்லடா.”

அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பல வருடங்கள் நான் என்னைத் தேற்றிக்கொண்டது இப்படித்தான்: மைதானத்தில் நான் பொய் சொல்லவில்லை, தீர்ப்புச் சொல்வது மாஸ்டரின் வேலை, அதை அவர் செய்தார், பொய் சொன்னது வீதியில் மட்டும். இந்தச் சமாதானத்தில் எவ்வளவு ஓட்டை என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் உலகம் முழுவதும் பெரிய ஆட்டக்காரர்கள் இதையே சொல்லுகிறார்கள். நடுவர் இருக்கிறார், அவர் தீர்மானிக்கட்டும். அவர் தவறாக எனக்கு ஆட்டமிழப்புக் கொடுக்கும் நாட்களும் இருக்கின்றனவே, அதற்கு இது ஈடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சூதாட்டக்காரன் கணக்கும் அப்படித்தான் இருக்கும்.

எல்லோரும் அப்படியல்லர். 2003 உலகக் கிண்ண அரையிறுதியில் அரவிந்த டி சில்வாவின் பந்து அடம் கில்கிறிஸ்டின் துடுப்பில் பட்டுச் சங்கக்காரவின் கையில் விழுந்தது. நடுவர் ரூடி கொயெர்ட்சன் ஆட்டமிழப்பு இல்லை என்றார். கில்கிறிஸ்ட் தானாகவே நடந்து வெளியேறினார். தோற்றது நம் அணிதான். ஆனாலும் அன்றைய தோல்வியை நினைக்கையில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் போன நடைதான்.

இயந்திரம் வந்தபின் இந்தக் கேள்வியே இல்லாமற் போய்விட்டது என்று சிலர் சொல்லுகிறார்கள். யார் மனச்சாட்சியையும் நம்பத் தேவையில்லை, கமரா பார்த்துக்கொள்ளும் என்பது அவர்களின் வாதம். நான் அப்படி நினைக்கவில்லை. மீளாய்வு முறை மௌனத்துக்கு இருந்த மறைவிடத்தைத்தான் இல்லாமலாக்கியது. முன்பு துடுப்பாட்ட வீரர் பேசாமல் நிற்கலாம். இப்போது பிடி கொடுத்ததாகத் தீர்ப்பு வந்தபின் அவர் கைகளை ‘டி’யாகக் காட்டினால், “என் துடுப்பில் படவில்லை” என்று அத்தனை பேர் முன்னிலையில் சாட்சி சொல்லுகிறார். பட்டது தெரிந்திருந்தும், கமராவுக்கு அகப்படாமற் போகலாம் என்ற நப்பாசையில் காட்டினால், அது வீதியில் நான் சொன்ன “இல்லடா”வுக்கு வேறானதல்ல. இதை அணியின் ‘உபாயம்’ என்று வர்ணனையாளர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

களத்தடுப்பு அணியின் பக்கம் இன்னொரு சங்கடம். அவர்களுக்கு உண்மை தெரியாது, ஊகம்தான் உண்டு. ஊகிப்பது ஒரு திறமை. அந்த 2008 தொடரில் டோனி ஓய்வில் இருந்தார். கும்ப்ளேக்கு விக்கெட்டின் பின்னாலிருந்து ஆலோசனை சொல்ல அனுபவமுள்ள ஒருவர் இல்லை. அஜந்த மெண்டிஸின் பந்து எப்பக்கம் திரும்பும் என்றே அவர்களின் துடுப்பாட்ட வீரர்களுக்கு விளங்கவில்லை. மூன்று போட்டிகளில் 26 விக்கெட்டுகளை எடுத்துவிட்டார். பந்தே விளங்காதவர் அது எங்கே போயிருக்கும் என்று எப்படி வாதாடுவார்? பதினொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அதிர்ஷ்டத்தின் பங்கைவிடக் கேட்கத் தெரிந்ததன் பங்கே பெரிது என்பது என் எண்ணம். நீதிமன்றத்திலும் இதுதானே நடக்கிறது. இந்த முறையின் மூலக் கருத்துத் தன்னுடையதே என்று இலங்கைச் சட்டத்தரணி சேனக வீரரத்ன நெடுங்காலமாக உரிமை கோரி வருகிறார். தீர்ப்பில் திருப்தியற்ற தரப்புக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை வேண்டும் என்பதுதான் அவர் 1997 இல் முன்வைத்த யோசனை. ஒரு சட்டத்தரணிக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. மேன்முறையீட்டுக்குச் செலவு உண்டு, எண்ணிக்கை உண்டு, நல்ல ஆலோசகர் வேண்டும் என்பதும் சட்டத்தரணிகளுக்குத் தெரிந்ததுதான்.

எண்ணிக்கை தீர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2013 ஜூலையில் நொட்டிங்ஹாமில் பார்த்தோம். அவுஸ்திரேலிய அணியின் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம், முதல் டெஸ்ட். ஆஷ்டன் ஆகரின் பந்து ஸ்டுவர்ட் பிரோட்டின் துடுப்பில் பட்டு, விக்கெட் காப்பாளர் ஹடினில் தெறித்து, ஸ்லிப்பில் நின்ற மைக்கல் கிளார்க்கின் கைக்குப் போனது. மைதானத்தின் கடைசி வரிசையில் இருந்தவருக்கும் தெரிந்திருக்கும். நடுவர் அலீம் டாருக்குத் தெரியவில்லை. அவுஸ்திரேலியாவிடம் மீளாய்வு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. 37 ஓட்டங்களில் இருந்த பிரோட் அசையாமல் நின்றார். 65 வரை போனார். இங்கிலாந்து 14 ஓட்டங்களால் வென்றது. அதே போட்டியின் கடைசி விக்கெட்டாக ஹடினே, நடுவர் தப்பவிட்ட ஒரு மெல்லிய உரசலுக்கு, மீளாய்வில் ஆட்டமிழந்தார். இங்கிலாந்திடம் கேட்பதற்கு மிச்சம் இருந்தது. உலகமே திரையில் கண்ட ஓர் உண்மையைச் சொல்லுவதற்கு உரிமையுள்ளவர் எவருமில்லாத நிலை பிரோட்டின் விடயத்தில் ஏற்பட்டது. ஒருவரைத் தவிர. அவர் துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

பிரோட் மோசமான மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லும் யோக்கியதையும் எனக்கில்லை.

மதிலுக்குத் திரும்புவோம். 2008 இல் அன்று மழை வந்து வந்து போனது. ஒரு இடைவேளையில், குடைக்குள் கடலை கொறித்துக்கொண்டிருந்தபோது, சிநேகிதன் கடலைச் சுருளை மடியில் வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே இரு கைகளையும் ‘டி’யாகக் காட்டினான். இருபத்திரண்டு வருடங்கள். எனக்கு விளங்காதது போல நடிக்க ஒரு கணம் தோன்றியது.

“பட்டது” என்றேன்.

“தெரியும். சத்தம் கேட்டது” என்றான். பிறகு, மழை விட்டால் எத்தனை ஓவர் மிச்சம் என்று வானொலியைக் காதில் வைத்துக்கொண்டான்.

இன்றும் டெஸ்ட் போட்டி நடக்கும் நாட்களில் அவன் தொலைபேசியில் வருவான். எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது: எல்.பீ.டபிள்யூ. தீர்ப்பில் வரும் ‘அம்பயர்ஸ் கோல்’. பந்தின் பாதிக்குக் குறைவான பகுதியே விக்கெட்டில் பட்டிருக்கும் என்று கணினி காட்டினால், களநடுவர் முதலில் என்ன சொன்னாரோ அதுவே நிலைக்கும். அதாவது ஒரே பந்து, நடுவர் விரலை உயர்த்தியிருந்தால் ஆட்டமிழப்பு, உயர்த்தாவிட்டால் இல்லை. இது அநியாயம் என்கிறான் அவன். விக்கெட்டில் பட்டால் பட்டதுதானே, இதில் பாதி என்ன முக்கால் என்ன? சச்சின் டெண்டுல்கரும் 2020 இல் இதையே சொன்னார் என்று துணைக்கு அழைப்பான்.

நான் மறுக்கிறேன். துடுப்பில் பட்டதா என்பது நடந்து முடிந்த ஒன்று. அதை அறிந்த ஒருவர் பெரும்பாலும் களத்திலேயே நிற்கிறார். பந்து காலில் பட்டிராவிட்டால் விக்கெட்டைத் தாக்கியிருக்குமா என்பது நடக்காத ஒன்று. அதை எவரும் அறியார். பந்துவீச்சாளர், துடுப்பாட்ட வீரர், நடுவர் யாருக்கும் தெரியாது. கணினியும் கணித்துத்தான் சொல்லுகிறது. தனக்கு நிச்சயமில்லாத இடத்தில் அது தீர்ப்பை மனிதனிடம் திருப்பிக் கொடுப்பதை நான் நேர்மை என்றே கொள்கிறேன். முதல் வகையில் பொய் இருக்கிறது, இரண்டாம் வகையில் பிழை மட்டுமே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சைகையை வைத்ததுதான் எங்கள் குழப்பத்துக்குக் காரணம் என்று அவனிடம் பலமுறை சொல்லிவிட்டேன்.

2019 ஆகஸ்டில் ஹெடிங்லியில் இங்கிலாந்துக்கு வெற்றிக்கு இரண்டு ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, நேதன் லயனின் பந்து பென் ஸ்டோக்ஸின் காலில் பட்டது. நடுவர் ஜோயல் வில்சன் மறுத்தார். சற்று முன்னர்தான் அவுஸ்திரேலியா தன் கடைசி மீளாய்வை வீணாக்கியிருந்தது. திரையில் மூன்றும் சிவப்பு. ஸ்டோக்ஸ் 135 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் அணியை ஒரு விக்கெட்டால் வெல்லவைத்தார்.

அன்றிரவே அழைப்பு வந்தது.

“இப்ப என்ன சொல்றாய்? இவனும் பிரோட்டும் ஒன்றுதானே?”

“இல்லை. பந்து காலுக்கு வெளியே போகிறது என்றுதான் ஸ்டோக்ஸ் நினைத்தார். கணினி காட்டியது பிழை என்று இப்பவும் சொல்றார். அவருக்குத் தெரியாது.”

“தெரியாது எண்டு அவர் சொல்றார்.”

“ஓம், அவர்தான் சொல்றார்.”

மறுமுனையில் அவன் சிரித்தான்.