கருவறையும் கருணையும்

  

நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்று ஓதுகிறோம்! சோற்றில் கை வைக்கும்போது ஓதுகிறோம். கடையைத் திறக்கும்போது ஓதுகிறோம். வயலில் முதல் நாற்றை ஊன்றும்போதும் ஓதுகிறோம். அதில் வரும் ரஹ்மான், ரஹீம் என்னும் இரு திருநாமங்களும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேர் நம் வீட்டுக்கு என்ன சொல்கிறது என்று சற்றே சிந்திப்போம்.

அரபு மொழியின் அமைப்பு அலாதியானது. பெரும்பாலான சொற்களுக்கு மூன்று எழுத்துக்களே வேர். காஃப், தே, பே என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் ஓதப் போகும் மக்தபு, கையில் கொண்டு போகும் கிதாபு, எழுதுபவரான காதிபு எல்லாம் 'எழுதுதல்' என்ற அந்த ஒரே வேரின் கிளைகள். ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மது (ரஹ்) அவர்கள் வேர்களை வைத்தே 'கிதாபுல் ஐன்' என்னும் பேரகராதியை வகுத்தார்கள். ஹிஜ்ரி 395இல் மறைந்த இப்னு ஃபாரிஸ் (ரஹ்) அவர்கள் ஒவ்வொரு வேருக்கும் அடிப்படைக் கருத்து எது என்றே தனி நூல் எழுதினார்கள்.

இவ்வேர்கள் அரபிக்கு மட்டும் உரியவை அல்ல. குமுளி மலையைத் தாண்டினால் மலையாளம் கேட்கிறது. பாதி நமக்குப் புரிகிறது. ஏனெனில் அது தமிழுக்கு உடன்பிறந்த மொழி. அதுபோலவே எபிரேயம், அரமேயம், பண்டைய இராக்கின் அக்காடியம் ஆகியவை அரபியின் உடன்பிறந்த மொழிகள். நூஹ் (அலை) அவர்களின் மகனார் ஸாம் பெயரால் இக்குடும்பத்தை ஸாமிய மொழிகள் என்பர். 1781இல் ஷ்லோட்சர் என்ற ஜெர்மானிய அறிஞர் இப்பெயரை வழங்கினார். நாம் 'ஸலாம்' என்பதை எபிரேயர் 'ஷாலோம்' என்பர். அரமேயத்தில் அது 'ஷ்லாமா'. இது ஒருவரிடம் ஒருவர் வாங்கிய கடனன்று. ஒரு தாய் வீட்டுச் சொத்து.

இனி நம் வேருக்கு வருவோம். ரே, ஹே, மீம். இதிலிருந்து பிறந்ததே 'ரஹ்மத்' என்ற கருணை. இதிலிருந்தே 'ரஹிம்' என்ற சொல்லும் வருகிறது. அதன் பொருள் தாயின் கருவறை! எபிரேயத்தில் 'ரெஹெம்' என்றால் கருவறை. 'ரஹமீம்' என்றால் இரக்கம். அக்காடியத்தில் 'ரேமு' என்ற ஒரே சொல் இரண்டையும் குறித்தது. நாம் வழங்கும் 'சகோதரன்' என்ற சொல்லும் ஒரே வயிற்றில் இருந்தவன் என்றே பொருள்படும்.

நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த ஹதீது குத்ஸி ஒன்று திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ளது. தானே ரஹ்மான் என்றும், ரஹிமைப் படைத்து அதற்குத் தன் பெயரிலிருந்தே பெயர் எடுத்துத் தந்ததாகவும், அந்த உறவைச் சேர்ப்பவனைத் தான் சேர்த்துக்கொள்வதாகவும், துண்டிப்பவனைத் துண்டித்து விடுவதாகவும் அல்லாஹ் கூறுகின்றான் என்பது அதன் கருத்து. சொல்லின் வேரே இங்கு சட்டமாகிறது!

சூரத்துன்னிஸாவைப் பாருங்கள். முதல் வசனத்திலேயே இரத்த உறவுகளைப் பேணும்படி எச்சரிக்கை வருகிறது. 7ஆம் வசனத்தில், பெற்றோர் விட்டுச் சென்றது குறைவாயினும் அதிகமாயினும் அதில் ஆணுக்கும் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு என்கிறது. 11ஆம் வசனத்தில் அளவே வந்துவிடுகிறது. இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் மட்டும் விட்டு ஒருவர் மறைந்தால், கடனும் வஸிய்யத்தும் போக ஐந்து ஏக்கர் மிஞ்சுமானால், மகன்களுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒன்று.

இப்போது நம் நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம். மார்க்கையன்கோட்டை முதல் கம்பம் வரை முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நஞ்சையில் அக்காள் தங்கைக்கு அந்த ஒரு ஏக்கர் போய்ச் சேருகிறதா? "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, இனி என்ன பங்கு?" என்கிறோம். அத்தா மவுத்தான நாற்பது நாள் கழிவதற்குள் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். அவளும் போடுகிறாள். மனமுவந்தா போடுகிறாள்? கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தில் போடுகிறாள். அச்சத்தில் வாங்கிய கையெழுத்து சம்மதமாகுமா?

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1949இல் செய்த திருத்தம் அந்த விலக்கையும் அகற்றிவிட்டது. ஆகவே சட்டத்தின் மேல் பழி போடவும் நமக்கு வழியில்லை.

பங்கைக் கையில் கொடுங்கள். பெற்றுக்கொண்ட பின் அவளாக விரும்பித் திருப்பித் தந்தால் அது அவள் உரிமை. பேச்சு முறிந்திருந்தால் முதலில் நாம் படியேறுவோம். உறவுக்கு உறவு செய்பவர் அல்ல, அறுத்தவரோடும் சேர்ந்து வாழ்பவரே உறவைப் பேணுபவர் என்பது புகாரியில் வரும் நபிமொழியின் கருத்து.

தங்கையின் பங்கை வைத்துக்கொண்டு உழும் வயலில் நின்று 'ரஹ்மானிர் ரஹீம்' என்று ஓதும்போது, அந்தச் சொல்லே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்கட்டும். உறவைச் சேர்க்கும் நன்மக்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.