அமானத்தும் கூலியும்

மறதி நோயால் அறிவு தளர்ந்துபோன ஒரு பெரியவரின் சொத்தைப் பராமரிக்கும் பிள்ளைகள், தங்கள் உழைப்புக்கு அந்தச் சொத்திலிருந்தே கூலி கேட்கலாமா? நம்மவர் பலர் இதைக் கேட்டதுமே முகம் சுளிக்கிறார்கள். "பெற்ற வாப்பாவுக்குச் செய்ததற்குக் கூலியா?" என்கிறார்கள். முகம் சுளிப்பதால் விஷயம் தீர்ந்துவிடுவதில்லை, சகோதரர்களே. வாசல் வழியாக வராத கூலி கொல்லைப்புறமாக வரத் தொடங்கிவிடும். "வாப்பா கணக்கிலே எழுது" என்று வீட்டுச் சாமான் வாங்குவதும், வாடகைப் பணத்தில் பாதியைக் கைமாற்றாக எடுத்துக்கொள்வதும் அப்படி வந்தவைதாம்.

சிங்கப்பூரில் 2008-இல் இயற்றப்பட்டு 2010 மார்ச்சில் நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. தாமாக முடிவெடுக்க இயலாதவருக்குக் கோர்ட் ஒரு 'டெபுட்டி'யை நியமிக்கிறது. அவர் பொதுக் காப்பாளர் அலுவலகத்தின் மேற்பார்வையில் கணக்குக் காட்ட வேண்டும். நியாயமான செலவை அவர் பெரியவரின் சொத்திலிருந்து பெற்றுக்கொள்ளலாம். கூலியோ, நியமிக்கும்போதே கோர்ட் உத்தரவு இட்டிருந்தால் மட்டுமே உண்டு. செலவு வேறு, கூலி வேறு என்பதை வியாபாரிகளாகிய நமக்கு விளக்க வேண்டியதில்லை. லாரி வாடகை செலவுக் கணக்கில் ஏறும். முதலாளி கல்லாவிலிருந்து எடுப்பது பற்றுக் கணக்கில் ஏறும். இரண்டையும் கலந்து எழுதும் கணக்கப்பிள்ளையை நாம் ஒரு மாதம்கூட வைத்திருக்க மாட்டோம்.

மார்க்கமும் கூலியைத் தடுக்கவில்லை. சூரத்துந் நிஸாவின் 6-ஆம் வசனம் எத்தீம்களின் சொத்தைப் பராமரிப்பவரைப் பற்றியது. வசதியுள்ளவர் தவிர்ந்துகொள்ள வேண்டும், ஏழையானவர் நியாயமான அளவில் உண்ணலாம், சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. அதற்கு முந்திய வசனம் விவேகம் குறைந்தவர்களின் பொருளைப் பற்றிப் பேசுகிறது. நியாயமான அளவு எது? கூலி விகிதம், தேவை இவ்விரண்டில் எது குறைவோ அது என்று பிக்ஹு அறிஞர்கள் கூறியுள்ளனர்.

துணி வியாபாரியான ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) கலீபாவான பின்னும் துணியைச் சுமந்துகொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். மற்ற சஹாபாக்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்குப் படி நிர்ணயித்தார்கள். படியைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஏனெனில் எந்த வியாபாரத்துக்கும் இரண்டு பேர் வேண்டும். விலை சொல்ல ஒருவர், குறைத்துக் கேட்க ஒருவர். இங்கே உழைப்பை விற்பவரும் நாமே, பெரியவர் சார்பில் வாங்குபவரும் நாமே. அவருக்குப் பேச வாயில்லை. அவர் இடத்தில் நின்று "இவ்வளவு அதிகம்" என்று சொல்லத்தான் கோர்ட். ஆகவே கோர்ட்டில் கூலி கேட்பதை அவமானம் என்று நாம் கருதவில்லை. கேட்காமல் எடுப்பதுதான் அவமானம்.

"எப்படியும் நாளைக்கு நமக்கு வரப்போகிற சொத்துதானே" என்பார் சிலர். மவுத்துக்குப் பிறகுதான் வாரிசுரிமை. மூச்சு இருக்கும்வரை கடைசிக் காசும் அவருடையது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவரிடம் 60,000 வெள்ளி இருப்பதாகவும், மருந்துக்கும் ஆளுக்கும் மாதம் 2,000 வெள்ளி ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். பணம் 30 மாதம் வரும். டெபுட்டிக்குக் கூலி 500 வெள்ளி என்றால் 24 மாதம்தான் வரும். அந்த ஆறு மாதப் பராமரிப்பு அவருடையது. அதை எடுப்பதற்கு நல்ல காரணம் வேண்டும்.

காரணம் இருக்கத்தான் செய்கிறது. மூத்த மகனுக்கு இரண்டு கடை. டெபுட்டியாக இருப்பதோ கிளார்க் வேலையை விட்டுவிட்டு வந்த கடைசி மகள். கடை வாடகை வாங்குவதும், வரி கட்டுவதும், பாங்கிக்கு அலைவதும் அவளே. வாப்பாவைக் குளிப்பாட்டுவதும் அவளே. சோறு ஊட்டுவதற்கு விலை போட முடியாது, போடவும் கூடாது என்பது நம் எண்ணம். ஆனால் வாடகையும் வரியும் கணக்கப்பிள்ளையின் வேலை. வெளியாளிடம் கொடுத்தால் அவனுக்குச் சம்பளம் உண்டு. 2018-லிருந்து சொந்தமில்லாதவர்கள் இதைத் தொழிலாகவே பதிவுசெய்துகொண்டு செய்கிறார்கள். அவள் அந்த வேலைக்கு மட்டும், எத்தனை மணி நேரம் என்று எழுதி, நியமன மனுவிலேயே கேட்கட்டும். அண்ணன் தம்பிகளுக்கும் தெரிவித்துவிட்டுக் கேட்கட்டும். இரண்டு வருஷம் கழித்து மொத்தமாகக் கேட்டால் பேரேடும் இராது, உறவும் இராது.

கூலி வேண்டாம் என்று சபையில் கம்பீரமாகச் சொல்கிறவர் பெரும்பாலும் மூத்த மகன்தான். வேலை செய்யாதவருக்கு அது எளிது. வாப்பாவின் பணம் 30 மாதமும் வரவேண்டும் என்று அவர் மெய்யாகவே விரும்பினால், அந்த 500 வெள்ளியைத் தம் கடைக் கல்லாவிலிருந்து மாதா மாதம் தங்கைக்குக் கொடுக்கட்டும்.