கல்லறைச் சுவரும் திருச்சபையும்

தமிழ்நாட்டுத் திருச்சபைகள் இன்றைய சமூகத்தில் மதிப்போடு நிற்பது, அவை சாதியை எப்படி எதிர்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது. மற்றவற்றில் அவை மாறத் தயங்கவில்லை. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1976இல் பெண்ணைக் குருவாக்கியது; 2013இல் பேராயராகவும் ஆக்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் கத்தோலிக்கத் திருப்பலி இலத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்தது.

சாதியோ செத்த பிறகும் விடுவதில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பி, தலித் கிறித்தவர்களை ஒருபுறமும் மற்றவர்களை மறுபுறமும் புதைத்தார்கள். திருவிழாத் தேர் தலித் தெருவுக்குள் நுழையாமலே திரும்பியதும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறித்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிக்குரிய இட ஒதுக்கீடு கிடையாது. அரசு தராத உரிமையைச் சபையும் மறுத்தால் அவர் எங்கே போவார்?

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனாலும் ஒரு பங்கின், அதாவது ஊர்ச் சபையின், நேர்மை தெரிவது அன்றாட நடப்பில்தான்: பங்குப் பேரவையில் யார் உட்காருகிறார்கள், திருவிழா வரி எல்லாரிடமும் வாங்கப்படுகிறதா, சபைப் பள்ளி வேலை யாருக்குப் போகிறது.