கைமாறிய குண்டும் கைகழுவிய கடமையும்

போர் முடிந்தது என்று முரசறைவர், வெற்றிவிழா எடுப்பர், மாண்டோர்க்கு மலர்வளையம் வைப்பர். ஆனால், எஞ்சிய குண்டுகள்? அவை மாள்வதில்லை, கொடி மாறி, கொற்றம் மாறி, வேற்றுப் படையின் கைக்குப் போய்ச் சேருகின்றன. கைமாற்றியவன் பொறுப்பு அத்தோடு தீர்ந்ததா? இதுவே நாம் எழுப்பும் வினா.

மில்ஸ் கைக்குண்டின் கதையைப் பாருங்கள். 1915-இல் பிரிட்டன் அதனைத் தன் படைக்கு ஏற்றது. முதல் உலகப் போரில் மட்டும் 7 கோடிக்கு மேல் வார்த்துக் குவித்தனர். அதன் திருந்திய வடிவமான 36-ஆம் எண் குண்டு இரண்டாம் உலகப் போரிலும் வெடித்தது. பின்னர் பேரரசு அகன்றது, குண்டு அகலவில்லை! 1947-இல் ஒரே படை இரண்டாயிற்று. அதன் படைக்கலங்களும் பங்கிடப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரிலேயே காஷ்மீரத்தில் போர் மூண்டது. நேற்றுவரை ஓரணியில் நின்றோர், ஒரே வார்ப்பில் பிறந்த குண்டுகளை ஏந்தி எதிரெதிரே நின்றனர்.

பிரிட்டன் 1972-இல் அக்குண்டைக் கைவிட்டது. இந்தியாவோ, பழைய கைக்குண்டுகளுக்கு மாற்றாக 10 இலட்சம் புதியன வாங்க 2020-இல் ஒப்பந்தம் செய்தது. பெற்ற வீடு துறந்த பிள்ளையைத் தத்தெடுத்த வீடு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வளர்த்தது!

“புதிதாய்ப் பிறந்த நாடு வெறுங்கையோடு நிற்பதா?” என்பர். வேண்டாம், தற்காப்பைத் தவறென்போம் அல்லோம். “கொல்வது எறிந்தவன் கை, கொடுத்தவன் கையன்று” என்பர். இங்கேதான் மறுக்கிறோம். கோடரி விறகும் பிளக்கும்; அரிவாள் கதிரும் அறுக்கும். கைக்குண்டுக்கு வேறென்ன தொழில் உண்டு? ஒரே தொழில் உடைய பொருளை ஒப்படைத்தவன், அது என்ன செய்யும் என்று அறியேன் எனல் அறமாகுமோ?

36-ஆம் எண் குண்டின் ஊசியை உருவினாலும், நெம்புகோலை அழுத்திப் பிடித்துள்ளவரை அது வெடிக்காது. பிடிவிட்டால் திரி பற்றும். நான்கு நொடியில் வெடிக்கும். “என் கையைவிட்டுப் போனபின் வெடித்தது, பழி எனதன்று” என்று எறிந்தவன் கூறினால் ஏற்போமா? நான்கு நொடிக்கு ஒரு நீதி, நாற்பது ஆண்டுக்கு வேறொரு நீதியா?

எஞ்சிய குண்டை அழிக்கச் செலவாகும். பிறர்க்களித்தால் செலவு மிச்சம், நட்பும் இலாபம்! ஈகை எனப் புகழப்படுவது பலவேளை இந்தக் கணக்கே. கணக்கில் வராதது, யாரோ ஒரு தாயின் கண்ணீர்.

“போரை முடித்தோம்” எனும் உரிமை, கடைசிக் குண்டுக்கும் கணக்குச் சொல்பவனுக்கே உண்டு!