கேளாமல் திறக்கும் கதவு

நம் பங்கில் மாதந்தோறும் வெளியிடும் நான்கு பக்கச் செய்தி மடலைத் தயாரிப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணிப்பொறி வாங்கினோம். விற்றவர் இனிய மனிதர். "வேண்டியதையெல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன், ஐயா. அதற்கென்று தனியாகக் காசு தர வேண்டாம்" என்றார். எதைப் போட்டார், எங்கிருந்து போட்டார் என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கக்கூடிய விடை என்னவென்று உள்ளூரத் தெரிந்திருந்ததனாலேயே கேட்கவில்லை என்று இன்று ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை.

பங்குத் திருவிழா மலருக்கான வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில், பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருளைத் திறந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றியது. நீங்கள் பயன்படுத்துவது முறையான படியன்று என்றது அது. அறையில் நால்வர் இருந்தோம். முதலில் நமக்கு வந்தது சினம். "நம் அறைக்குள் இருக்கும் இயந்திரத்துக்குள் இவர்கள் எப்படி நுழைந்தார்கள்?" என்று கேட்டார் ஒருவர். வெட்கம் பிறகுதான் வந்தது. அதுவும் மெதுவாக வந்தது.

அந்தச் சினம் நியாயமானதா? பிறர் பொருளை வைத்திருப்பவன், தன்னைப் பிறர் கண்காணிக்கிறார்கள் என்று முறையிடலாமா? அகப்பட்டுக்கொண்டவனின் எரிச்சலுக்கு 'அந்தரங்க உரிமை' என்று அழகான பெயர் சூட்டுகிறோமா? இக்கேள்விகளை நேர்மையோடு எதிர்கொள்வது நன்று.

முதலில் நம் பக்கத்துக் குற்றத்தை நோக்குவோம். மென்பொருளைப் படியெடுப்பது களவன்று என்று வாதிடுவோர் உண்டு. நாற்காலியை எடுத்துச் சென்றால் உரியவருக்கு நாற்காலி இல்லாமற்போகிறது. மென்பொருளைப் படியெடுத்தாலோ மூலம் அப்படியே இருக்கிறதே என்பர். முடி திருத்திக்கொண்டு கூலி கொடாமல் எழுந்து செல்பவனும் இதையே சொல்லலாம். கத்தரிக்கோல் அவரிடமே இருக்கிறது, அவருடைய கைகளும் அவரிடமே இருக்கின்றன. ஆயினும் உழைப்புக்குரிய கூலி அவரிடம் இல்லை. களவு செய்யலாகாது என்னும் கட்டளை பொருளை மட்டுமல்ல, கூலியையும் காக்கிறது. விலை மிகுதி, நம்மால் இயலாது என்னும் வாதத்துக்கு ஓரளவு வலிமை உண்டு. ஆனால் 1991-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லினக்ஸ் போன்ற, யாவரும் கட்டணமின்றிப் பெற்றுப் பகிர்ந்துகொள்ளத்தக்க மென்பொருள்கள் இருக்கும்போது அந்த வாதமும் தளர்ந்துவிடுகிறது. ஆகவே உரிமையாளருக்குத் தம் உரிமையைக் கோர முழு நியாயம் உண்டு. இதில் ஐயமில்லை.

உரிமையைக் கோரும் நியாயம் இருப்பதாலேயே, அதை எவ்வழியிலும் கோரலாமா என்பதே அடுத்த கேள்வி. இரண்டு நிகழ்ச்சிகளை நினைவுகூர்வோம்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் மென்பொருளின் கள்ளப் படிகளைக் கண்டறிய ஒரு சோதனைத் திட்டத்தை வகுத்தது. அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து துணை மென்பொருள்களைப் பெறவேண்டுமாயின் இச்சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது 2005 சூலை முதல் கட்டாயமாயிற்று. உரிம எண், வன்தட்டின் வரிசை எண், கணிப்பொறியைத் தயாரித்தவர் யார், பயன்படுத்துவோர் தேர்ந்துள்ள மொழியும் வட்டாரமும் எவை என்பன போன்ற விவரங்கள் நிறுவனத்துக்குச் சென்றன. பயனாளியின் பெயரை அறிவது தன் நோக்கமன்று என்று நிறுவனம் கூறியது. 2006-ஆம் ஆண்டு இதன் மற்றொரு பகுதி, பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துசேரும் அதே வழியாக, உயர் முன்னுரிமை கொண்ட திருத்தமாக அனுப்பப்பட்டது. அது நாள்தோறும் நிறுவனத்தின் கணிப்பொறியோடு தொடர்பு கொள்கிறது என்பது அவ்வாண்டு சூனில் வெளிப்பட்டது. பயனாளிகளுக்கு இது முன்னரே தெளிவாகச் சொல்லப்படவில்லை. எதிர்ப்பு எழுந்தது, அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கப்பட்டது. அம்மாத இறுதிக்குள் அந்த அன்றாடத் தொடர்பை நிறுவனம் நீக்கிவிட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் கடுமையானது. சோனி பி.எம்.ஜி. இசை நிறுவனம் 2005-இல் ஏறத்தாழ ஐம்பது இசைத் தொகுப்புகளின் குறுந்தகடுகளில், படியெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்றைச் சேர்த்து விற்றது. தகட்டைக் கணிப்பொறியில் இட்டு அதன் வழி பாட்டுக் கேட்டவரின் இயந்திரத்தில் அது குடியேறியது. தான் இருப்பதையே மறைத்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று மார்க் ரசினோவிச் என்னும் கணிப்பொறி வல்லுநர் இதை வெளிப்படுத்தினார். அது அமைத்திருந்த மறைவிடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் தீய நிரல்கள் அடுத்த மாதமே தோன்றின. நிறுவனம் தகடுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2007 சனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கணிப்பொறி பழுதடைந்தவர்களுக்கு 150 டாலர் வரை ஈடு தர அது இசைந்தது. இதில் உறுத்தும் உண்மை ஒன்றுண்டு. கள்ளத்தனமாக இணையத்தில் பாட்டை எடுத்தவனுக்கு இதனால் ஒரு தீங்கும் நேரவில்லை. கடைக்குச் சென்று பணம் கொடுத்துத் தகடு வாங்கிய நேர்மையாளரே துன்புற்றார்.

இவற்றுக்கு மறுப்பாக ஒன்று சொல்லப்படுவதுண்டு. இரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர் எல்லாரிடமும் சீட்டைக் கேட்கிறார். 'என்னைத் திருடன் என்கிறீரா?' என்று நாம் அவரோடு சண்டையிடுவதில்லை. பிறகு மென்பொருள் பரிசோதகரிடம் மட்டும் ஏன் சினம் என்பது அம்மறுப்பு. நல்ல மறுப்பு, அதற்குள்ளேயே விடையும் இருக்கிறது. பரிசோதகர் வெளிப்படையாக வருகிறார். இன்னார் என்று அறியத்தக்க உடையோடு வருகிறார். சீட்டைக் கேட்கிறார், நாம் எடுத்துக் கொடுக்கிறோம், பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார். நாம் உறங்கும்போது நம் பெட்டியைத் திறந்து தாமே சீட்டைத் தேடுவதில்லை. பிழை நேர்ந்தால் அவரிடம் வாய்திறந்து விளக்கவும் முடியும். வெளிப்படைத்தன்மை, அளவு, முறையிட இடம் ஆகிய இம்மூன்றும் இருப்பதனால்தான் அந்தச் சோதனை நம்மைப் புண்படுத்துவதில்லை.

மூன்றாவதாகச் சொன்ன முறையிட இடம் எத்துணை இன்றியமையாதது என்பதை 2007 ஆகஸ்டு 24 அன்று நேர்ந்த ஒரு தவறு காட்டிற்று. மைக்ரோசாப்டின் சோதனைக் கணிப்பொறிகளில் பணியாளர் பிழையால் கோளாறு ஏற்பட்டு, முறையாக விலை கொடுத்து வாங்கியவர்களின் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் கள்ளப் படி என்று அறிவிக்கப்பட்டன. மறுநாள் திருத்தம் நடந்தது. நிறுவனமும் தவற்றை ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த இடைவெளியில், குற்றமற்றவர் தம் மேசையின் முன் அமர்ந்து, தம்மைத் திருடர் என்று சொல்லும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடம் மறுத்துப் பேசுவார்?

'மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர் அஞ்சுவானேன்?' என்று சிலர் கேட்பர். நம் வீட்டுச் சன்னலுக்குத் திரை இடுகிறோம். உள்ளே பாவம் நடக்கிறது என்பதற்காகவா இடுகிறோம்? கணவனும் மனைவியும் கடனைப் பற்றிப் பேசுவதும், தாய் நோயுற்ற மகளுக்காக அழுவதும் மறைக்க வேண்டிய குற்றங்களல்ல. எனினும் தெருவுக்குரிய காட்சிகளும் அல்ல. கணிப்பொறியும் இன்று நம் வீட்டின் ஓர் அறையாகிவிட்டது. கடிதங்களும் கணக்குகளும் மருத்துவ அறிக்கைகளும் அதற்குள் இருக்கின்றன. உரிம எண்ணை மட்டுமே பார்த்தோம் என்று சொல்பவர் உண்மையே சொல்லக்கூடும். ஆயினும் அந்த அறையின் சாவி அவரிடம் இருப்பதை வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டாமா?

இங்கே இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு விதி நம் நினைவுக்கு வருகிறது. அயலானுக்குக் கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்கச் செல்லும்போது அவன் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன் பெற்றவனே அதை வெளியே கொண்டுவந்து தர வேண்டும் என்கிறது அவ்விதி. இதன் நுட்பத்தைக் காண்க. கடன் உண்மையானது. கோருபவனின் உரிமையும் உண்மையானது. அவ்வுரிமையை விதி மறுக்கவில்லை; வாசலில் நிறுத்துகிறது. கடன்பட்டவன் கடன்பட்டவனாக இருந்தாலும் அவன் வீடு அவனுடைய வீடே. பல நூற்றாண்டுகளுக்கு முன் மேய்ச்சலும் உழவும் செய்து வாழ்ந்த ஒரு சமூகத்துக்குத் தரப்பட்ட இவ்விதி, நம் கேள்விக்கு நேர் விடை தருகிறது. குற்றம் செய்தவனுக்கும் வாசற்படி உண்டு. அதைத் தாண்ட வேண்டுமாயின் நீதிமன்றத்தின் ஆணையோ அவனுடைய இசைவோ வேண்டும்.

ஆனால் இவ்விதிக்கு மறுபாதி உண்டு. அதை நாம் விழுங்கிவிடலாகாது. கடன்பட்டவன் பொருளை வெளியே கொண்டுவந்து தர வேண்டும்! உள்ளே ஒளிந்துகொண்டு, 'என் வீடு, என் அந்தரங்கம்' என்று கதவைத் தாழிட்டுக்கொள்வதற்காக அந்த வாசற்படி அமைக்கப்படவில்லை. அன்று மாலை நம் அறையில் எழுந்த சினத்தில் பாதி நியாயம் இருந்தது. மறுபாதி ஒளிந்துகொள்ளும் முயற்சி. நாம் கேளாமல் எடுத்தோம்; அவர்கள் கேளாமல் பார்த்தார்கள். பிறருக்குரியதைப் பிறரைக் கேளாமல் கொள்வது என்னும் ஒரே குறை இரு தரப்பிலும் இருந்தது. அவர்களுடைய குறையைச் சுட்டுவதால் நம்முடையது தீர்ந்துவிடாது. நம்முடையதைச் சுட்டி அவர்கள் தப்பவும் முடியாது.

இன்று மென்பொருள்கள் இணையத்தின் வழித் தம்மைச் சரிபார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பக்கம் பக்கமாக நீளும் நிபந்தனைகளைப் படிக்காமலே 'இசைகிறேன்' என்னும் கட்டத்தை அழுத்திவிடுகிறோம். படிக்காமல் தரும் இசைவு எவ்வளவு தூரம் இசைவாகும் என்பதைத் தனியே ஆராய வேண்டும். நம் இல்லங்களிலும் இதே அளவுகோல் பொருந்தும். மகனுடைய கைப்பேசியை அவன் உறங்கும்போது திறந்து பார்க்கும் தந்தையின் கவலை உண்மையானதாக இருக்கலாம். 'தம்பி, அதைக் கொஞ்சம் காட்டு' என்று பகலில் கேட்பதற்கும் இரவில் திறப்பதற்கும் உள்ள வேறுபாடு, பரிசோதகருக்கும் பெட்டியைத் துழாவுபவனுக்கும் உள்ள வேறுபாடேயாகும்.

அந்தத் திருவிழா மலர் பத்து நாள் தாமதமாக வெளிவந்தது. பழைய மென்பொருளை நீக்கிவிட்டுக் கட்டணமில்லாத ஒன்றை நிறுவி, அதைப் பழகிக்கொண்டு, பக்கங்களை முதலிலிருந்து அமைக்க வேண்டியிருந்தது. எழுத்துகள் முன்போல் அழகாக இல்லை என்று சிலர் குறைப்பட்டனர். தாமதத்தின் காரணத்தை மடலில் எழுதலாமா வேண்டாமா என்று நால்வரும் நெடுநேரம் பேசினோம். இறுதியில் நான்கு வரிகளில் எழுதினோம். விவரம் அறிந்த பங்கு மக்களில் இருவர், தங்கள் வீட்டுக் கணிப்பொறியிலும் இப்படித்தான் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டு வந்தனர்.